எந்தத் தடுப்பூசியைச் சொல்கிறோம்? நம் பக்கத்து வாதங்களைப் பற்றி ஒரு விவாதம்

வேலிப்பூ (இழையைத் தொடங்கியவர்)

நான் தடுப்பூசிகளை ஆதரிப்பவள். கீழே எழுதப்போவதைப் பாதி படித்துவிட்டு யாரும் என்னை எதிரணியில் சேர்த்துவிடக் கூடாது என்பதால் இதை முதல் வரியிலேயே எழுதுகிறேன். பல ஆண்டுகளாக ஒரு தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். பெற்றோருக்கான துண்டறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை.

சென்ற மாதம் ஒரு வரைவு வந்தது. அதன் முதல் வரி இது: "தடுப்பூசி உங்கள் குழந்தையை மட்டுமல்ல, போட்டுக்கொள்ள முடியாதவர்களையும் காக்கிறது." தட்டம்மையைப் பொறுத்தவரை இது முழு உண்மை. எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே தட்டம்மை கண்ட ஒருவர் 12 முதல் 18 பேர் வரை பரப்பக்கூடும். நூற்றுக்கு 95 பேருக்காவது எதிர்ப்பாற்றல் இருந்தால்தான் அது பரவ வழியின்றி அடங்கும். ஊசி போடும் வயதை எட்டாத பச்சிளம் குழந்தையையும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பதால் அந்த ஊசியைப் போட முடியாதவரையும் அந்த 95 பேர்தான் காக்கிறார்கள்.

ஆனால் அதே துண்டறிக்கையின் கீழே இருந்த பட்டியலில் டெட்டனஸும் இருந்தது. டெட்டனஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. மண்ணில் கிடக்கும் கிருமி வித்துகள் காயத்தின் வழியே உடலுக்குள் நுழைகின்றன. சுற்றியிருக்கும் அத்தனை பேரும் ஊசி போட்டிருந்தாலும், போடாத ஒருவரின் காயத்தில் மண் பட்டால் அவருக்கு உள்ள ஆபத்து இம்மியும் குறையாது. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டவரை மட்டுமே காக்கிறது. அந்த முதல் வரி அதற்குப் பொருந்தாது.

இதைக் கவனித்த பிறகு மற்றவற்றையும் பார்த்தேன். கக்குவான் இருமலுக்கு இரண்டு வகைத் தடுப்பூசிகள் உண்டு. முழுக் கிருமியைக் கொன்று செய்வது பழையது. அதன் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்துச் செய்வது பிந்தியது. 2014-இல் அச்சான ஓர் ஆய்வில், பிந்திய வகையைப் பெற்ற பபூன் குரங்குகளுக்கு நோய் வரவில்லை. ஆனால் கிருமி அவற்றின் தொண்டையில் வாரக்கணக்கில் தங்கியது, மற்றக் குரங்குகளுக்கும் பரவியது. காசநோய்க்கான பிசிஜி, சிறு குழந்தைகளுக்கு மூளைச்சவ்வில் வரும் காசநோயை நன்றாகத் தடுக்கிறது. பெரியவர்களின் நுரையீரலில் வருவதை, அதாவது இருமலால் பரவுவதை, தடுப்பதில் அதன் திறன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. 'தடுப்பூசி' என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை வெவ்வேறு வேலைகள் கிடக்கின்றன.

அந்த வரியை அடித்து, எந்த ஊசி யாரைக் காக்கிறது என்று பிரித்து எழுதித் திருப்பி அனுப்பினேன். "நுணுக்கம் பேசி மக்களைக் குழப்பாதே" என்றார் ஒருவர். "எதிரிக்கு நீயே கத்தி எடுத்துக் கொடுக்கிறாய்" என்றார் இன்னொருவர். இருவரும் நான் மதிப்பவர்கள். அதனால்தான் உறுத்துகிறது.

தட்டம்மையின் வெற்றியைச் சொல்லும்போது நாம் 'தடுப்பூசிகள்' என்று பன்மையில் பேசுகிறோம். ஏதேனும் ஒன்றில் சிக்கல் வந்தால் 'அது அந்த ஒரு தயாரிப்பின் பிரச்சினை' என்று ஒருமைக்கு வந்துவிடுகிறோம். எதிரணியினர் தலைகீழாகச் செய்கிறார்கள், ஒரு தயாரிப்பின் குறையைப் பன்மையாக்குகிறார்கள். அவர்கள் செய்யும்போது உடனே கண்டுபிடித்துக் கண்டிக்கிறோம். நாம் செய்யும்போது ஏன் கண்ணில் படுவதில்லை? எந்த இடத்தில் பிரிப்பது நேர்மை, எந்த இடத்தில் அது தப்பிக்கும் வழி? நம்மவரின் பிழையைப் பொதுவில் சொல்லலாமா? உங்கள் கருத்து வேண்டும்.


களப்பணியாளன்

வேலிப்பூ அக்கா, நீங்கள் எழுதிய உண்மைகளில் எதையும் நான் மறுக்கவில்லை. அவற்றைச் சொல்லும் இடம் எது என்பதில்தான் மாறுபடுகிறேன்.

நான் வீடு வீடாகப் போகிறவன். ஒரு தாய் தன் கைபேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். கக்குவான் இருமல் தடுப்பூசி பற்றி ஓர் அறிஞர் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வரி: "இந்தத் தடுப்பூசி பரவலை முழுமையாகத் தடுப்பதில்லை." குழந்தைகளின் இறப்பை அது வெகுவாகக் குறைக்கிறது என்று அந்த அறிஞரே அடுத்த வரியில் எழுதியிருந்தார். அந்த வரியை யாரோ வெட்டிவிட்டார்கள். அதைக் காட்டி அந்தத் தாய் மறுத்தது தட்டம்மை ஊசியை! நான் திரும்பத் திரும்பப் போனேன், பயனில்லை. கட்டுரை எழுதியவர் நேர்மையானவர், ஐயமில்லை. அந்த நேர்மையால் அந்தக் குழந்தைக்கு என்ன கிடைத்தது?

வாசலில் எனக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அதற்குள் எத்தனை உட்பிரிவுகளை நான் விளக்க முடியும்? குழுவுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் இடித்துரைப்போம். வெளியே போகும்போது ஒரே குரலில் போவோம். எதிரணியில் எவரும் தம்மவரின் பொய்யைத் திருத்தி நான் பார்த்ததில்லை. நாம் மட்டும் நம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டுமா?


எண்ணும்மை

புள்ளியியல் என் தொழில். பொதுவில் பேசலாமா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். எங்கே பிரிப்பது என்பதற்கு என் துறையில் இரண்டு பழைய பாடங்கள் உண்டு, ஒன்றுக்கொன்று எதிரானவை.

முதலாவது, சிறுநீரகக் கற்களுக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு 1986-இல் வெளிவந்த ஆய்வு. திறந்த அறுவைச் சிகிச்சை பெற்ற 350 பேரில் 273 பேருக்கு, அதாவது 78 விழுக்காட்டினருக்கு வெற்றி. சிறு துளை வழியே கல்லை எடுக்கும் முறையில் 350 பேரில் 289 பேருக்கு, 83 விழுக்காடு. இதை மட்டும் பார்த்தால் சிறு துளை முறையே மேல். கல்லின் அளவைக் கொண்டு பிரித்தால் கதை மாறிவிடுகிறது. சிறிய கற்களில் திறந்த அறுவை 93, சிறு துளை 87. பெரிய கற்களிலும் திறந்த அறுவை 73, சிறு துளை 69. இரண்டு பிரிவிலும் வென்ற முறை கூட்டுத்தொகையில் தோற்றது எப்படி? கடினமான பெரிய கற்களில் பெரும்பாலானவை திறந்த அறுவைக்குப் போயின, எளிய சிறிய கற்களில் பெரும்பாலானவை சிறு துளைக்குப் போயின. இங்கே பிரிக்காமல் இருந்தால் அது பொய்யில்தான் முடியும்.

இரண்டாவது, மாரடைப்புக்கு ஆஸ்பிரின் தருவது பற்றி 1988-இல் வெளியான பெரிய ஆய்வு. 17,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். ஐந்து வாரங்களில் இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேரும் இறப்பு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள். மிதுன, துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரினால் பயனில்லை, சற்றே தீங்கு என்று வந்தது! ஆஸ்பிரினுக்கு ராசி தெரியாது. துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே போனால் எங்காவது ஒரு துண்டில் தற்செயல் நம்மை ஏமாற்றும் என்று எச்சரிக்கவே அந்தப் பிரிப்பைச் சேர்த்திருந்தார்கள்.

கல்லின் அளவு எப்படி வேலை செய்கிறது என்பதை முடிவைப் பார்க்காமலே நம்மால் சொல்ல முடியும். பெரிய கல்லை எடுப்பது கடினம். ராசிக்கு அப்படி ஒரு காரணம் கிடையாது. ஆகவே ஒரு பிரிப்பைக் கண்டால் நான் முதலில் கேட்பது: முடிவு தெரிவதற்கு முன்பே இப்படிப் பிரித்திருப்பீர்களா? வேலிப்பூவின் பிரிப்பு இதில் தேறுகிறது. கிருமி மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறதா என்பது எந்த அணி வென்றாலும் மாறாத உண்மை. ஒரு தடுப்பூசியில் குறை வெளிப்பட்ட பிறகு, அதை மட்டும் ஒதுக்கிவைப்பதற்காகவே 'அது பழைய தலைமுறைத் தடுப்பூசி' என்று புதிதாக ஒரு வகையை உண்டாக்கினால், அதற்கு நான் மதிப்பெண் தர மாட்டேன், சொல்பவர் என் நண்பராகவே இருந்தாலும்.


புதியவள்

எனக்கு ஒரு சிறு ஐயம். பிரித்துக்கொண்டே போவதுதான் அறிவியல் என்று பள்ளியில் நினைத்திருந்தேன். சேர்ப்பதும் முன்னேற்றமாக இருந்ததுண்டா?


கிளைநதி

உண்டு. மனச்சிதைவு நோயை ஐயம் மிகுந்த வகை, சிதறல் வகை, உறைநிலை வகை என்றெல்லாம் பல பத்தாண்டுகள் உட்பிரிவு செய்து வந்தார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் அந்த உட்பிரிவுகளை நீக்கிவிட்டது. ஒரே நோயாளி காலப்போக்கில் ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தார். வகையை வைத்து எந்த மருந்து பலன் தரும் என்றும் சொல்ல முடியவில்லை. பெயர்கள் இருந்தன, அந்தப் பெயர்களால் ஆன காரியம் எதுவும் இல்லை.

இதற்கு எதிர்முனையில் இருப்பது கல்லீரல் அழற்சி. மஞ்சள் காமாலை என்ற ஒரு பெயருக்குள் எத்தனையோ நோய்கள் கிடந்தன. முதலில் ஏ, பி என்று இரண்டு வைரஸ்கள் பிரிந்தன. 1970-களில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களைச் சோதித்தபோது, பலருக்கு இந்த இரண்டுமே இல்லாமல் கல்லீரல் கெட்டிருந்தது தெரிந்தது. அப்போது ஆய்வாளர்கள் வைத்த பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்: 'ஏ-யும் அல்லாத, பி-யும் அல்லாத கல்லீரல் அழற்சி'. அது என்னவென்று தெரியாது, எது இல்லை என்பது மட்டும் தெரியும் என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டார்கள். 1989-இல் அந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டு 'சி' ஆயிற்று. 2020-இல் அதற்காக மூன்று பேருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று சி வகை நோயாளிகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மாத்திரைகளால் முற்றிலும் குணமாகிறார்கள். அதே மாத்திரைகளைப் பி வகைக்குத் தந்தால் பயனில்லை. பிரித்ததால் சிகிச்சை மாறுகிறது. புதியவள் கேட்டதற்கு என் அளவுகோல் இதுதான்.

1857-இல் டார்வின் தன் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், இயற்கை ஆய்வாளர்களில் பிரிப்பவர்கள், சேர்ப்பவர்கள் என்ற இரு சாராரும் இருப்பது நல்லது என்கிறார். நூறாண்டுகளுக்கும் மேலாகியும் அந்தச் சண்டை ஓயவில்லை. 2021 வரை ஆப்பிரிக்க யானைகளை ஒரே இனமாகக் கணக்கிட்டு 'பாதிக்கப்படக்கூடியது' என்று சிவப்புப் பட்டியலில் வைத்திருந்தார்கள். காட்டு யானை, புல்வெளி யானை என்று இரண்டாகப் பிரித்ததும், காட்டு யானை அழிவின் விளிம்பிலேயே நிற்பது தெரிந்தது. கூட்டுக் கணக்கில் புல்வெளி யானைகளின் எண்ணிக்கை அதை மறைத்திருந்தது.


உரைகல்

யானையும் கல்லீரலும் நல்ல எடுத்துக்காட்டுகள். ஆனால் அவற்றைப் பேசும்போது நம்மில் யாருக்கும் வலிக்கவில்லை. வலிக்கும் இடத்துக்கு வருவோம். போலியோ.

வாய்வழிச் சொட்டு மருந்தில் வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. மிக அரிதாக அதனாலேயே பக்கவாதம் வருகிறது. இதைக் கேட்டதும் நம் பக்கத்தார் எல்லோரும் ஒப்பிக்கும் பதில் ஒன்று உண்டு: "அது சொட்டு மருந்தின் குறை அல்ல, போதுமானவர்கள் போட்டுக்கொள்ளாததால் வருவது." நானே பலமுறை எழுதியிருக்கிறேன். அது பாதி உண்மை என்பதை வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன்.

இதற்குள்ளே இரண்டு வகைகள் இருக்கின்றன. ஒன்று, சொட்டு மருந்தின் வைரஸ் பாதுகாப்பற்ற மக்களிடையே மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்து, மரபுமாற்றம் அடைந்து, பழைய வீரியத்தைப் பெறுவது. இதற்கு அந்தப் பதில் பொருந்தும். மற்றொன்று, மருந்தைப் பெற்ற குழந்தைக்கோ நெருங்கிப் பழகியவருக்கோ நேரடியாக வருவது, சுமார் 27 லட்சம் தவணைகளுக்கு ஒன்று. இது எல்லோரும் போட்டுக்கொண்ட நாட்டிலும் வரும். இயற்கைப் போலியோ ஒழிந்த பிறகும் அமெரிக்காவில் ஆண்டுதோறும் சில பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். அதனால்தான் அந்நாடு 2000-இல் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, செயலிழந்த வைரஸ் கொண்ட ஊசிக்கு முழுமையாக மாறியது. அங்கே பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் பெற்றோரிடம் போய் 'போதுமானவர்கள் போட்டுக்கொள்ளவில்லை' என்று சொன்னால் அது பொய் மட்டுமல்ல, கொடுமை.

வைரஸிலும் மூன்று வகைகள். இரண்டாம் வகையின் இயற்கை வடிவம் ஒழிந்ததாக 2015-இல் அறிவித்தார்கள். அடுத்த ஏப்ரலில் உலகெங்கும் சொட்டு மருந்திலிருந்து அந்த வகையை எடுத்துவிட்டார்கள். நல்ல நோக்கம்தான், ஏனென்றால் மருந்திலிருந்து கிளம்பிய தொற்றுகளில் பெரும்பாலானவை அந்த வகையால் வந்தவை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டாம் வகைத் தொற்றுகள் குறைவதற்குப் பதிலாகப் பெருகின. அவற்றை அடக்கத் திரும்பவும் அதே வகை மருந்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. எளிதில் வீரியம் பெறாதபடி திருத்திய புதிய சொட்டு மருந்து 2021-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தத் தொற்றுகளைக் கண்டுபிடித்து எண்ணிக்கையோடு வெளியிட்டவர்கள் போலியோ ஒழிப்புத் திட்டத்தில் இருப்பவர்கள்தான். அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால் புதிய மருந்து யாருக்காக, எதற்காக உருவாகியிருக்கும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம்மவரைக் குறைசொல்வதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கும் சிலரை அறிவேன். எதிரணியின் பெரிய பொய்யைக் கண்டுகொள்ளாமல், நம்மவரின் சிறிய பிழையைப் பெரிதாக எழுதி 'நான் நடுநிலையாளன்' என்ற பெயரைச் சம்பாதிப்பார்கள். அதற்கும் நேர்மைக்கும் தொடர்பில்லை. பிழையைச் சொல்லும்போது அதன் அளவையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். 27 லட்சத்தில் ஒன்று என்பதை விட்டுவிட்டு 'சொட்டு மருந்தால் பக்கவாதம் வருகிறது' என்று மட்டும் எழுதினால், உண்மையைக் கொண்டே பொய் சொல்லியிருக்கிறோம்.


களப்பணியாளன்

உரைகல் ஐயா, அளவையும் சொல்ல வேண்டும் என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் வெட்டி எடுப்பவர்கள் அளவைத்தானே முதலில் வெட்டுகிறார்கள்?

எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. நான் மௌனத்தை விரும்புகிறவன் அல்ல. ஒரு வரியால் ஒரு வீட்டின் கதவு மூடியதைப் பார்த்தவன். நீங்கள் எல்லோரும் கருத்தின் நேர்மையைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்தக் கதவுக்கு யார் பொறுப்பு?


வேலிப்பூ

தம்பி, அந்தக் கேள்வியை மூன்று நாட்களாக மனத்தில் வைத்திருந்தேன். லேசான பதில் எதுவும் என்னிடம் இல்லை. உங்கள் கண் முன்னால் நடந்ததை நடக்கவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. பொதுவில் பேசுவதால் சேதம் உண்டு, அதை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஆனால் மறைத்த பிழை வெளிப்படும்போது வரும் சேதத்தையும் இதே தராசில் வைக்க வேண்டும். பருவநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. குழு தன் 2007 அறிக்கையில், இமயமலைப் பனிப்பாறைகள் 2035-க்குள் மறைந்துவிட வாய்ப்பு மிக அதிகம் என்று எழுதியது. அடிப்படையற்ற ஆண்டு அது. ஐயம் எழுப்பிய ஆய்வறிக்கை ஒன்று 2009-இல் வந்தபோது, குழுவின் தலைவரே அதை மந்திரவாத அறிவியல் என்ற பொருள்படும் சொல்லால் தள்ளிவிட்டார். 2010 ஜனவரியில் குழு பிழையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பனிப்பாறைகள் உருகுகின்றன என்பது அப்போதும் உண்மை, இப்போதும் உண்மை. ஆனால் அந்த ஒரு வரியைக் காட்டி முழு அறிக்கையையும் மறுக்க ஒரு கூட்டத்துக்கு வாய்ப்புக் கிடைத்தது. அந்தக் கத்தியை எடுத்துக் கொடுத்தது ஐயம் எழுப்பியவரா, தள்ளிவிட்டவரா?

எங்கள் துறையிலேயே வேறு விதமாக நடந்ததும் உண்டு. 1998-இல் அமெரிக்காவில் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு முதல் தடுப்பூசி அனுமதி பெற்றது. அதைப் பெற்ற சில குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொண்டது, ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு. இதைக் கண்டுபிடித்தது எதிர்ப்பாளர்கள் அல்லர். தடுப்பூசித் திட்டத்தை நடத்துபவர்களின் கண்காணிப்பு முறையில்தான் அது தென்பட்டது. ஓராண்டு சற்றுக் கடந்ததும் அந்தத் தடுப்பூசி விலக்கப்பட்டது. அடுத்து வந்த இரண்டு தடுப்பூசிகளையும், இந்த ஆபத்து இருக்கிறதா என்று அறியவே, தலா 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தார்கள். 'இது ஒரு தயாரிப்பின் பிரச்சினை' என்ற பிரிப்பை அவர்கள் வாயால் சொல்லி விட்டுவிடவில்லை, சோதித்துக் காட்டினார்கள். எண்ணும்மை மதிப்பெண் தர மறுத்தாரே, அந்தப் பிரிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

வாசலில் உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தைப் பற்றி: உட்பிரிவு முழுவதையும் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. எந்த ஊசிக்காகப் போயிருக்கிறீர்களோ அதை மட்டும், அதன் பெயரால் சொல்லுங்கள். 'தட்டம்மை ஊசி' என்று சொல்ல 'தடுப்பூசி' என்பதைவிடக் கூடுதலாக ஒரு விநாடிகூட ஆகாது. அந்தத் தாய் கக்குவான் இருமலின் செய்தியைக் கொண்டு தட்டம்மை ஊசியை மறுத்தார் என்றீர்கள். அவர் அப்படிச் சேர்த்துப் பார்க்க யார் பழக்கினார்கள்? இரண்டையும் ஒரே சொல்லால் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர்களில் நானும் இருக்கிறேன்.


களப்பணியாளன்

இந்தக் கடைசிக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. என் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். எட்டுப் பக்கங்களில் 'தட்டம்மை' என்ற சொல் அட்டவணையில் மட்டும் ஒரே ஒருமுறை வருகிறது.

பொதுவில் பேசுவது பற்றி இன்னும் முழுதாக உங்களோடு உடன்படவில்லை. பெயர் சொல்லிப் பேசுவதில் உடன்படுகிறேன்.


ஓய்வுபெற்ற செவிலி

இந்த இழையை முதலிலிருந்து படித்து வருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மகப்பேற்றுப் பிரிவில் பணிசெய்தவள். வேலிப்பூ மகளே, நீ சொல்லும் அடிப்படையை ஏற்கிறேன். அதனாலேயே உன் பிழையையும் சொல்கிறேன்.

"டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டவரை மட்டுமே காக்கிறது" என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறாய். தவறு. கர்ப்பிணிக்குப் போடும் டெட்டனஸ் ஊசியால் அவள் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுத்தால் பிறந்த குழந்தைக்கு டெட்டனஸ் வரும். ஒரு வாரக் குழந்தை பால் குடிக்க வாய் திறக்க முடியாமல், உடல் வில்லாக வளைந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். 1988-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 7,87,000 பச்சிளம் குழந்தைகள் இதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2018-இல் அது சுமார் 25,000. போட்டுக்கொண்டவள் தாய், காக்கப்பட்டது குழந்தை.

ஆக, டெட்டனஸைத் தனியாகப் பிரித்த நீ, அதற்குள் இருந்த இன்னொரு பிரிவை விட்டுவிட்டாய். சமூகமே சேர்ந்து ஒருவரைக் காப்பது என்ற பொருளில் டெட்டனஸ் ஊசி யாரையும் காப்பதில்லை, அது சரி. தாய் தன் பிள்ளையைக் காப்பது அதற்குள் இருக்கிறது.

இன்னும் ஒன்று. அந்த எண்ணிக்கை குறைந்ததை முழுக்க ஊசியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள், நம்மவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். தூய்மையான கருவி, கை கழுவுதல், பயிற்சி பெற்றவர் முன்னிலையில் பேறு, இவையும் சேர்ந்து செய்த வேலை அது. எங்கள் கைகளும் அதில் இருக்கின்றன.


எண்ணும்மை

அம்மா சொன்னது சரி. நான் வேலிப்பூவின் பிரிப்புக்கு 'தேறுகிறது' என்று எழுதினேன். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறதா என்று மட்டுமே பார்த்தேன், எதிர்ப்பொருள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறதா என்று கேட்கவில்லை. என் பதிவின் கீழே திருத்தம் சேர்க்கிறேன்.


வேலிப்பூ

அம்மா, படித்ததும் முகம் சுட்டது. பத்து முறை சரிபார்த்தேன் என்று நினைத்திருந்த வரி அது. என் முதல் பதிவை அழிக்காமல் அப்படியே விட்டு, பிழை இருக்கும் இடத்தில் உங்கள் பதிவைச் சுட்டியிருக்கிறேன்.

துண்டறிக்கைக்கு இன்று அனுப்பப்போகும் வரிகள்:

"தட்டம்மை ஊசி உங்கள் குழந்தையைக் காக்கிறது. பெரும்பாலானோர் போட்டுக்கொண்டால், போட்டுக்கொள்ள முடியாதவர்களையும் காக்கிறது."

"டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டவரைக் காக்கிறது. மற்றவர்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நீங்கள் இருந்துவிட முடியாது. கர்ப்பிணி போட்டுக்கொண்டால், பிறக்கும் குழந்தையையும் முதல் சில வாரங்களுக்குக் காக்கிறது. பேறுகாலத் தூய்மையும் அதே அளவு முக்கியம்."

கக்குவான் இருமலுக்கு இன்னும் எழுதவில்லை. எங்களிடம் வருவது எந்த வகை ஊசி என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.


ஓய்வுபெற்ற செவிலி

"அதே அளவு" என்பதை எடுத்துவிடு. அளந்து பார்த்தவர் யார்? "பேறுகாலத் தூய்மையும் முக்கியம்" என்பது போதும்.


வேலிப்பூ

எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் வேறு யார் கண்ணிலாவது ஏதேனும் பட்டால் இங்கேயே எழுதுங்கள்.